மகனின் பகிடியும் நண்பனின் பார் மிட்ஸ்வாவும்

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் ரொறன்ரோவுக்கு வடக்கே தோர்ன்ஹில்லில், பாதர்ஸ்ட் வீதிக்குக் கிட்ட இருக்கிறோம். மகன் எட்டாம் வகுப்பு. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஒரு யூத நண்பன் இருக்கிறான், எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில் விளையாடி வளர்ந்த பிள்ளை. போன மாதம் வகுப்புப் பெடியளின் ஸ்னாப்சட் குழுவில் என் மகன் ஒரு படம் போட்டிருக்கிறான். நாசிகளின் நச்சுவாயு அறை, அதில் அந்த நண்பனின் முகத்தை ஒட்டி, கீழே ஒரு பகிடி வசனம். யாரோ ஒரு பிள்ளை ஆசிரியையிடம் காட்டிவிட்டது. அதிபர் எங்களைக் கூப்பிட்டார். மூன்று நாள் இடைநிறுத்தம். "சும்மா பகிடிக்குத்தான் போட்டனான், அவனும் சிரிச்சவன்" என்கிறான் மகன்.

என் கணவர் வன்னியில், இஸ்ரேலில் செய்த கிபிர் விமானத்தின் குண்டுவீச்சில் தன் ஒன்றுவிட்ட தம்பியைப் பறிகொடுத்து, 2001இல் அகதியாக இங்கே வந்தவர். "அவங்கட கிபிர்தான் எங்கட சனத்தைக் கொன்றது. இப்ப காஸாவிலயும் அதைத்தான் செய்யினம். ஒரு படத்துக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமோ?" என்கிறார். மே மாதம் அந்தப் பிள்ளையின் பார் மிட்ஸ்வா, பதின்மூன்று வயதில் அவர்கள் செய்யும் சமயச் சடங்கு. இந்தப் பிரச்சினைக்கு முன்பே அழைப்பிதழ் வந்துவிட்டது. சிட்னியில் யூதர்களைச் சுட்டுக் கொன்றதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்து மாமி, யூதக் கோயில்களுக்குப் பிள்ளையை அனுப்பவே வேண்டாம் என்கிறா. என் பிள்ளை இனவெறியன் ஆகிவிட்டானோ என்று எனக்கு நித்திரையில்லை. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வேண்டாம், தோர்ன்ஹில்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் மகன் இருக்கிறான், கணவர் இருக்கிறார், மாமி இருக்கிறா, நித்திரையில்லாமல் நீங்கள் இருக்கிறீர்கள். யாருடைய முகம் அந்தப் படத்தில் ஒட்டப்பட்டதோ, அந்தப் பிள்ளை இப்போது எப்படி இருக்கிறான் என்பது மட்டும் இல்லை. அவனும் சிரித்தான் என்ற ஒரு செய்திதான் இருக்கிறது. ஆகவே முதலில் அவனைப் பற்றிக் கதைப்போம்.

வகுப்புப் பெடியள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளை வேறென்ன செய்வான்? கோபித்தால் "இவனுக்குப் பகிடி விளங்காது" என்பார்கள். ஆசிரியையிடம் போனால் காட்டிக்கொடுத்தவன். அழுதால் வருடம் முழுக்க அதே கதை. சிரித்துவிட்டால் அந்த நிமிடத்தைக் கடந்துவிடலாம். பாடசாலைப் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் நெடுங்காலம் வேலை செய்பவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுக்காதீர்கள். உங்கள் மகனையும் எடுக்க விடாதீர்கள்.

அந்தப் பிள்ளை வளர்ந்த சூழலை நீங்கள் ஒரே வீதியில் இருந்தும் கவனித்திருக்க மாட்டீர்கள். அவனுடைய ஜெப ஆலயத்தின், அதாவது யூதக் கோயிலின், வாசலில் காவலாளி நிற்பார். விசேட நாட்களில் பொலிஸ் வாகனமும் நிற்கும். பையைத் திறந்து காட்டித்தான் உள்ளே போக வேண்டும். நடக்கப் பழகிய நாளிலிருந்தே அவனுக்கு இது வழக்கம். வட யோர்க்கிலுள்ள ஒரு யூதப் பெண்பிள்ளைகளின் பாடசாலை மீது 2024ஆம் ஆண்டில் மட்டும் மூன்று தடவை துப்பாக்கிச்சூடு நடந்தது. அதில் ஒரு தடவை யோம் கிப்பூர் அன்று, யூதர்களின் ஆண்டிலேயே மிகப் புனிதமான நோன்பு நாளில். யாருக்கும் காயமில்லை. ஆனால் மறுநாள் அந்த வாசலால் பிள்ளையை உள்ளே அனுப்பிய தாய்மாரை நினைத்துப் பாருங்கள். கனடாவின் சனத்தொகையில் யூதர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். மதத்தைக் காரணமாகக் கொண்டவை என்று 2023இல் பொலிஸ் பதிவுசெய்த வெறுப்புக் குற்றங்கள் 1,284. அவற்றில் 900 யூதர்களுக்கு எதிரானவை. முஸ்லிம்களுக்கு எதிரானவை 211, அதுவும் முந்தைய ஆண்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்தச் சூழலில் வளரும் ஒரு பிள்ளைக்கு நண்பனின் வீட்டு பேஸ்மென்ற் என்பது பை திறந்து காட்டாமல் போகக்கூடிய இடம். அந்த வீட்டிலிருந்துதான் அந்தப் படமும் வந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, நாசிகள் யூதர்களைக் கொன்றொழித்த ஹோலோகோஸ்ட் படுகொலையிலிருந்து உயிர் தப்பியவர்கள் ஏறத்தாழ 40,000 பேர் கனடாவுக்கு வந்தார்கள். பெரும்பாலானோர் மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் குடியேறினார்கள். 1947இலிருந்து தாய் தகப்பன் இல்லாத 1,123 யூதப் பிள்ளைகளும் வந்தார்கள். பாதர்ஸ்ட் வீதியில் வாழும் பல குடும்பங்களில் பூட்டனோ பூட்டியோ அப்படி வந்தவர்கள். உங்கள் மகனின் நண்பனின் குடும்பம் அதில் ஒன்றா என்று உங்களுக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. தெரியாமல்தான் அந்த முகத்தை ஒட்டினான்.

"அவை தங்களுக்குள்ளதான் இருப்பினம், ஒருத்தரோடும் சேராயினம்" என்று எங்கள் ஆட்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். வெள்ளி மாலை பொழுதுபட முன்பு குடும்பம் குடும்பமாக அந்த வீதியில் நடந்து போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளி மாலையிலிருந்து சனி மாலைவரை வரும் ஓய்வுநாளைக் கடைப்பிடிப்பவர்கள் வாகனம் ஓட்ட மாட்டார்கள். ஆகவே ஆலயத்துக்கு நடந்துபோகும் தூரத்தில்தான் வீடு எடுக்க வேண்டும். ஆலயம் உள்ள இடத்தில் பாடசாலை, யூத உணவு முறைப்படி நடக்கும் கோஷர் வெதுப்பகம், முதியோர் இல்லம் எல்லாம் வந்துவிடும். முன்பு கென்சிங்டன் சந்தையைச் சுற்றி வாழ்ந்த சமூகம் தலைமுறை தலைமுறையாக இந்த ஒரே வீதியைப் பிடித்து வடக்கே உங்கள் தோர்ன்ஹில் வரை வந்தது இப்படித்தான். அதற்குள்ளேயும் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. ரஷ்ய மொழி பேசுபவர்கள், மொரோக்கோவிலிருந்து வந்தவர்கள், இஸ்ரேலிலிருந்து வந்தவர்கள், சனிக்கிழமையும் கார் ஓட்டுபவர்கள், ஆலயப் பக்கமே போகாதவர்கள் என்று பலவிதம். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் கோயிலையும் கடையையும் சுற்றிக் கூடிய எங்களுக்கு இது விளங்காத காரியமில்லை.

சரி, உங்கள் மகன் இனவெறியனா? நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் "பெடியள் விளையாட்டு" என்று விட்டுவிடவும் மாட்டேன். 2023 செப்டம்பரிலிருந்து ஒன்ராறியோவில் ஆறாம் வகுப்பிலேயே ஹோலோகோஸ்ட் கட்டாய பாடம். உங்கள் மகன் அதைப் படித்த முதல் தொகுதிப் பிள்ளைகளில் ஒருவன். அது என்ன அறை, அங்கே என்ன நடந்தது என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் எடுத்தான். எது சொல்லக்கூடாததோ அதைச் சொல்பவனுக்குத்தான் அந்தக் குழுக்களில் சிரிப்புக் கிடைக்கும். அதைவிடச் சொல்லக்கூடாதது ஒன்றும் அவன் கையில் இருக்கவில்லை. இப்படியான படங்களை முதலில் செய்பவர்கள் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் இல்லை. உண்மையாகவே வெறுப்பவர்கள் செய்து, பகிடி என்ற பெயரில் விளையாட்டு அரட்டைகளில் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் அதை எடுத்து, தெரிந்த முகத்தை ஒட்டி, அடுத்த ஆளுக்குக் கொடுக்கிறார்கள். நான் பயப்படுவது அதற்குப் பிறகு வருவதை நினைத்துத்தான். பெரியவர்கள் யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் பிள்ளை இதைச் சரி என்று எடுத்துக்கொள்வான். வீட்டில் ஒருவர் நியாயமும் சொல்லிக்கொடுத்தால் அது அவனுடைய கருத்தாகவே ஆகிவிடும்.

ஆகவே மன்னிப்பைப் பற்றிச் சொல்கிறேன். பாடசாலை எழுதச் சொன்ன கடிதத்தோடு நிறுத்தாதீர்கள். அது அதிபருக்கு எழுதும் கடிதம். முதலில் நீங்கள், பெற்றோராக, அந்தப் பிள்ளையின் தாய் தகப்பனைத் தொலைபேசியில் அழையுங்கள். குறுஞ்செய்தி வேண்டாம். "எங்கட மகன் செய்தது எங்களுக்குத் தெரியும். அது பிழை. உங்கட மகனிட்ட அவன் நேரில மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறம். உங்களுக்கு விருப்பமோ, எப்ப வசதி என்று நீங்களே சொல்லுங்கோ" என்ற அளவில் போதும். அவர்கள் நேரம் கேட்டால் கொடுங்கள். கோபித்தால் கேட்டுக்கொண்டிருங்கள்.

மகன் மன்னிப்புக் கேட்கும்போது என்ன செய்தான் என்பதை அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். "உனக்கு நொந்திருந்தால் மன்னிச்சுக்கொள்" என்று சொல்ல விடாதீர்கள். நொந்ததா இல்லையா என்ற பொறுப்பை அது மற்றப் பிள்ளையின் தலையில் போடுகிறது. "உன்ர முகத்தை அந்தப் படத்தில ஒட்டினது நான். உன்ர ஆக்களைக் கொன்ற இடத்தை வைச்சுப் பகிடி பண்ணினது நான். அது கேவலமான வேலை." இவ்வளவும் சொன்னால் போதும். படத்தைப் பார்த்த குழுவிலும் அவனே ஒரு வரி எழுதட்டும். எல்லோரும் பார்க்கச் செய்ததை மூடிய அறையில் மட்டும் திருத்த முடியாது. ஆனால் பாடசாலை சொல்லும்வரை எதையும் அழிக்க வேண்டாம்.

அந்தச் சந்திப்பில் நீங்கள் சொல்லக்கூடாத ஒன்று இருக்கிறது. எங்கள் ஆட்கள் பலருக்கு நாக்கு நுனிவரை வந்துவிடும் என்பதால் சொல்கிறேன். "நாங்களும் இனவழிப்புக்கு ஆளான சனம், உங்கட வலி எங்களுக்குத் தெரியும்" என்று தொடங்காதீர்கள். அது உண்மைதான். ஆனால் நீங்கள் மன்னிப்புக் கேட்க வந்த வீட்டில் அது எங்கள் வலியை முன்னால் வைத்து அவர்களை ஆறுதல் சொல்ல வைத்துவிடும். பிறகொரு நாள், அவர்களாகக் கேட்டால் சொல்லுங்கள்.

இனி உங்கள் கணவர். அவரை அதட்ட வேண்டாம், தங்கச்சி. அவர் சொல்வதில் பாதி, அவர் கண்ணால் கண்டது. கிபிர் இஸ்ரேலில் செய்த விமானம். 1996இலிருந்து இலங்கை விமானப்படை அதை வைத்திருந்தது. அதற்கு முன்பே, 1984இல், இஸ்ரேல் கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் தன் அலுவல்களைப் பார்க்க ஒரு நலன்காப்புப் பிரிவைத் திறந்ததும், இலங்கைப் படையினருக்குப் பயிற்சி கொடுத்ததும் எங்கள் தலைமுறை மறக்காத விடயங்கள். அந்த இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடியவருக்கு அந்தப் பெயர் சாகும்வரை போகாது. இஸ்ரேல் அரசு யாருக்கு ஆயுதம் விற்றது, ஏன் விற்றது என்று கேட்க அவருக்கு முழு உரிமையும் இருக்கிறது. அதை யாரும் யூத வெறுப்பு என்று சொன்னால் நானே மறுப்பேன்.

ஆனால் அவரிடம் ஒன்று கேளுங்கள். வன்னியில் குண்டு போட்டது கிபிர் மட்டுமா? மிக்-27 எங்கேயிருந்து வந்தது? உக்ரேனிலிருந்து. எப்-7 சீனாவிலிருந்து. உங்கள் மகனின் வகுப்பில் உக்ரேனியப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் இருப்பார்கள். மிக் விமானத்துக்காக உக்ரேனியப் பிள்ளையின் முகத்தை யாராவது படத்தில் ஒட்டினார்களா? ஒட்டியிருந்தால் உங்கள் கணவர் நியாயம் சொல்லியிருப்பாரா? மாட்டார். அந்த விமானங்களை அந்தந்த அரசுகளின் கணக்கில்தான் எழுதுகிறார். கிபிரை மட்டும் தோர்ன்ஹில்லில் பிறந்த ஒரு பிள்ளையின் கணக்கில் எழுதுகிறார். ஏன் அது மட்டும் அப்படி? அந்தக் கேள்வியோடு அவர் கொஞ்ச நாள் இருக்கட்டும். யூதர்கள் எங்கிருந்தாலும் ஒரே உடம்பு, ஒருவர் செய்ததற்கு எல்லோரும் பொறுப்பு என்ற எண்ணம் அவராக யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. பல நூறு வருடமாக உலகத்தில் சுற்றித் திரியும் எண்ணம் அது. அவருடைய உண்மையான துக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது.

1983 ஆடியில் கொழும்பில் கடை வைத்திருந்தவரையும் கந்தோரில் வேலை செய்தவரையும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் படையினர்மீது நடந்த தாக்குதலுக்குப் பதிலாக அடித்துக் கொன்றார்கள். எங்கோ சிலர் செய்ததற்கு, கிட்ட இருந்த தமிழன் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். உங்கள் கணவருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

மகனோடு அவர் கதைக்க வேண்டும் என்பதுதான் என்னுடைய பெரிய வேண்டுகோள். அந்தத் தம்பியின் பெயர், வயது, அன்றைக்கு என்ன நடந்தது எல்லாவற்றையும் சொல்லட்டும். உங்கள் மகன் இதுவரை அதை ஆத்திரமாகச் சாப்பாட்டு மேசையில் அரைகுறையாகத்தான் கேட்டிருப்பான் என்று நினைக்கிறேன். முழுக்கக் கேட்டால் ஒருவருடைய சாவை வைத்துப் பகிடி பண்ணுவது என்ன என்று அவனுக்குத் தானாகத் தெரியவரும். முள்ளிவாய்க்காலை வைத்து ஒருவன் அப்படியொரு படம் செய்து அதில் இவன் முகத்தை ஒட்டினால்? 2021இல் ஒன்ராறியோ சட்டசபை தமிழின அழிப்பு அறிவூட்டல் வாரச் சட்டத்தை நிறைவேற்றியபோது, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லி அதற்கு எதிராக நீதிமன்றம் போனவர்கள் இருந்தார்கள். அன்று உங்கள் வீட்டில் என்ன கொதிப்பு இருந்தது என்று நினைவுபடுத்துங்கள்.

இந்த ஊரின் பழைய கதையும் உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. 1933 ஓகஸ்ட் 16 அன்று ரொறன்ரோ கிறிஸ்ரி பிற்ஸ் பூங்காவில் ஒரு பேஸ்போல் ஆட்டம். யூத, இத்தாலியப் பெடியள் விளையாடிய அணிக்கு முன்னால் சிலர் நாசிச் சின்னம் வரைந்த துணியை விரித்தார்கள். ஆறு மணி நேரம் கைகலப்பு. ஆயிரக்கணக்கானவர்கள் வந்து சேர்ந்தார்கள். 1939இல் செயின்ற் லூயிஸ் கப்பலில் ஜேர்மனியிலிருந்து தப்பி வந்த 900க்கும் மேற்பட்ட யூதர்களை கியூபா விடவில்லை, அமெரிக்கா விடவில்லை, கனடாவும் விடவில்லை. ஐரோப்பாவுக்குத் திரும்பியவர்களில் 254 பேர் ஹோலோகோஸ்ட்டில் செத்தார்கள். கனடாப் பிரதமர் அதற்கு மன்னிப்புக் கேட்டது 2018 நவம்பரில். 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களையும், 2010இல் எம்.வி. சன் சீயில் வந்த 492 பேரையும் திருப்பி அனுப்பு என்று குரல் எழுந்தபோது, முன்பு ஒரு கப்பலைத் திருப்பி அனுப்பிய வெட்கம் இந்த நாட்டின் நினைவில் இருந்தது எங்களுக்குக் கொஞ்சம் கைகொடுத்தது என்றே நான் நம்புகிறேன்.

இன்னும் நேரடியான தொடர்பும் உண்டு. குந்தர் பிளவுட் என்று ஒரு ரபி, அதாவது யூத மதகுரு, இருந்தார். ஜேர்மனியில் சட்டம் படித்து, நாசிகள் வந்தபின் அந்தத் தொழிலைச் செய்ய முடியாமல் 1935இல் அமெரிக்காவுக்குத் தப்பியவர். பிறகு ரொறன்ரோவில் ஹோலி பிளொசம் ஆலயத்தின் ரபி ஆனார். அகதிக் கோரிக்கைகளை எப்படி விசாரிக்க வேண்டும் என்று அறிக்கை தரச் சொல்லி கனடா அரசு அவரிடம்தான் கேட்டது. 1985இல் கொடுத்தார். அகதி தன் கதையைத் தன் வாயாலேயே சொல்லும் விசாரணை வேண்டும் என்பது அந்தக் காலத்தில் கனடாவின் உச்ச நீதிமன்றத்திலும் அவருடைய அறிக்கையிலும் நிலைபெற்ற கருத்து. 1989இல் குடிவரவு அகதிகள் சபை வந்தது. உங்கள் கணவர் 2001க்குப் பிறகு ஒரு மேசைக்கு முன்னால் இருந்து தன் கதையைச் சொன்ன அந்த அறை உருவானதில் நாசிகளிடமிருந்து தப்பிய ஒரு யூத அகதியின் கையும் இருக்கிறது.

வீட்டு உறுதிகளில் "யூதருக்கு விற்கக் கூடாது" என்று எழுதியிருந்த காலமும் ரொறன்ரோவில் இருந்தது. அப்படியொரு உறுதியை 1945இல் நீதிபதி கெய்லர் மக்கே செல்லாது என்றார். வேலையில் இனம் மதம் பார்க்கக் கூடாது என்று ஒன்ராறியோவில் 1951இல் வந்த சட்டத்துக்கும், கடைகளிலும் உணவகங்களிலும் பார்க்கக் கூடாது என்று 1954இல் வந்த சட்டத்துக்கும் யூதத் தொழிற்சங்கத்தினரும் டிரெஸ்டன் ஊரின் கறுப்பின மக்களும் சேர்ந்து போராடினார்கள். எங்களுக்கு ஸ்காபரோவில் வாடகை வீடு தர மறுத்தால் போய் முறையிட ஓர் இடம் இருக்கிறதென்றால், அதற்காக அலைந்தவர்கள் எங்களுக்கு முன் வந்தவர்கள்.

உங்கள் மகன் எங்கே இதைப் பொறுக்கினான் என்று தேடும்போது வீட்டையும் ஒருமுறை பாருங்கள். எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் வரும் இலுமினாட்டிக் காணொளிகள், வங்கியெல்லாம் அவர்கள் கையில், ஊடகமெல்லாம் அவர்கள் கையில் என்ற கதைகள். 1903இல் ரஷ்யாவில் ஒரு பத்திரிகை, யூதத் தலைவர்கள் கூடி உலகத்தை ஆளத் திட்டம் போட்டதாக ஒரு போலி ஆவணத்தை வெளியிட்டது. 1921இல் லண்டன் டைம்ஸ் அது களவெடுத்துச் செய்த போலி என்று வரிக்கு வரி காட்டியது. இருந்தும் அதே கதைதான் இன்றைக்குத் தமிழில் பின்னணி இசையோடு யூரியூப்பில் ஓடுகிறது.

இதற்கு ஒரு புகழ்ச்சி வடிவமும் எங்களிடம் உண்டு. "யூதர் மாதிரி நாங்களும் மூளையால உலகத்தைப் பிடிக்கவேணும்" என்று எங்கள் மேடைகளில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். கேட்க நல்லாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே அதே நினைப்புத்தான்: அவர்கள் எல்லோரும் பணக்காரர், எல்லோரும் ஒன்று, திரைக்குப் பின்னால் எல்லாவற்றையும் ஆட்டுகிறார்கள். ரொறன்ரோவில் உணவு வங்கிக்குப் போகும் யூத முதியவர்களும் இருக்கிறார்கள். புகழ்ந்துகொண்டிருந்த ஆளே ஒரு கோபம் வந்ததும் அடுத்த நிமிடம் அதே வாயால் திட்டுவதைப் பார்க்கலாம். உங்கள் கணவரும் முன்பு ஒரு காலம் அப்படிப் புகழ்ந்தவராக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

காஸாவைப் பற்றி உங்கள் வீட்டில் கதையுங்கள். அங்கே சாகும் பிள்ளைகளுக்காக உங்கள் மகன் அழுதால் அழட்டும், ஊர்வலத்துக்குப் போக விரும்பினால் நீங்களும் கூடப் போங்கள். இஸ்ரேல் அரசைக் கடுமையாக எதிர்க்கும் யூதர்களே இந்த ஊரில் இருக்கிறார்கள். 2023 ஒக்டோபர் 7 அன்று ஹமாஸ் கொன்ற ஏறத்தாழ 1,200 பேரில் தங்கள் சொந்தங்களை இழந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பத்தில்கூட இருக்கலாம். அந்த நண்பன் என்ன நினைக்கிறான் என்று உங்கள் மகனுக்குத் தெரியுமா? கேட்டிருக்கிறானா? ஒருநாள் கேட்கலாம், கதைக்கலாம், சண்டையும் பிடிக்கலாம். பரீட்சை வைப்பதுபோல, "நீ அதைக் கண்டித்தால்தான் என் நண்பன்" என்று மட்டும் கேட்கக் கூடாது. எங்களிடம் அப்படிக் கேட்டவர்களை எங்களுக்கு நினைவிருக்கும்.

மாமியின் பயத்தைச் சிரித்து ஒதுக்காதீர்கள். 2025 டிசம்பர் 14 அன்று சிட்னி பொண்டாய் கடற்கரையில் ஹனுக்காப் பண்டிகை கொண்டாடிய மக்களில் 15 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 2018இல் அமெரிக்காவின் பிற்ஸ்பர்க்கில் ஒரு ஜெப ஆலயத்தில் 11 பேர். அவ பார்த்தது உண்மை. ஆனால் பொண்டாயில் வெறுங்கையோடு ஓடிப்போய் ஒரு துப்பாக்கிதாரியிடமிருந்து ஆயுதத்தைப் பறித்தவர் சிரியாவில் பிறந்த ஒரு பழக்கடைக்காரர், முஸ்லிம். அதையும் மாமிக்குச் சொல்லுங்கள். 2017 ஜனவரியில் கியூபெக் நகரப் பள்ளிவாசலில் ஆறு பேரைக் கொன்ற அடுத்த வெள்ளிக்கிழமை, ரொறன்ரோ யூதர்கள் மற்றவர்களோடு சேர்ந்து இங்குள்ள பள்ளிவாசல்களைச் சுற்றிக் கை கோத்து நின்றார்கள். பிற்ஸ்பர்க்குக்குப் பிறகு முஸ்லிம்கள் வந்து ஜெப ஆலயங்களைச் சுற்றி நின்றார்கள். பாதுகாப்பு இறுக்கமாக இருப்பதால் இந்த ஆலயங்களுக்குள் போவது மாமி நினைக்கும் அளவுக்கு ஆபத்தான காரியமும் இல்லை.

அழைப்பிதழ் இன்னும் செல்லுமா என்று அந்தத் தாயிடம் நேராகக் கேளுங்கள். "வாங்கோ" என்றால் கட்டாயம் போங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு. பதின்மூன்று வயதில் அந்தப் பிள்ளை முதல் தடவையாகச் சபைக்கு முன்னால் நின்று யூதர்களின் வேதமான தோராவிலிருந்து எபிரேயத்தில் ராகத்தோடு ஓதுவான். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்திருப்பான். குரல் உடையும் வயது, கை நடுங்கும். ஓதி முடிய அவன்மேல் மிட்டாய் எறிகிற வழக்கம் பல ஆலயங்களில் உண்டு. உங்கள் மகனும் எறியட்டும்.

கொஞ்சம் முந்திப் போங்கள், வாசலில் பரிசோதனைக்கு நேரம் எடுக்கும். ஆண்களுக்குத் தலையில் வைக்கும் சிறிய தொப்பி வாசலிலேயே இருக்கும். பழமையான முறையைப் பின்பற்றும் ஆலயம் என்றால் பெண்கள் தனியாக இருக்க வேண்டும். சனிக்கிழமை என்றால் தொலைபேசியை வெளியில் எடுக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். அன்பளிப்பை அன்றைக்கு ஆலயத்துக்குக் கொண்டுபோகாமல் முந்தியோ பிந்தியோ வீட்டில் கொடுங்கள். நாங்கள் 51, 101 என்று கொடுப்பதுபோல அவர்கள் 18இன் மடங்கில் கொடுப்பார்கள், அது அவர்களுக்கு வாழ்வைக் குறிக்கும் எண். கோஷர் கடைப்பிடிக்கும் வீடாக இருக்கலாம் என்பதால் சமைத்த பலகாரம் வேண்டாம்.

அதே பாதர்ஸ்ட் வீதியில், 2023இல் திறந்த ரொறன்ரோ ஹோலோகோஸ்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. உயிர் தப்பியவர்கள் திரையில் தங்கள் கதையைச் சொல்வார்கள். மகனைத் தகப்பன் கூட்டிக்கொண்டு போகட்டும், நீங்கள் வேண்டாம். தண்டனை என்று சொல்லிக் கூட்டிப்போகவும் வேண்டாம்.

அந்தத் தாய் "இந்த முறை வேண்டாம்" என்று சொல்லவும் கூடும். அப்படியென்றால் வாக்குவாதம் செய்யாதீர்கள், பாடசாலையைத் தூது அனுப்பாதீர்கள், "நாங்கள் எவ்வளவு மன்னிப்புக் கேட்டனாங்கள்" என்று ஊரில் சொல்லித் திரியாதீர்கள். அன்பளிப்பையும் வாழ்த்து அட்டையையும் தபாலில் அனுப்புங்கள். உங்கள் மகனுக்கு அது நோகும். கொஞ்ச நாள் நோகட்டும், கூட இருங்கள். மீண்டும் சேர்வதா இல்லையா என்பதை இனி அந்த நண்பன்தான் தீர்மானிக்க வேண்டும். உங்கள் மகன் அதுவரை செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அந்தக் குழுவில் வேறு யாராவது அப்படியொரு படம் போட்டால், "இதை எடு" என்று முதலில் எழுதுவது இவனாக இருக்கலாம். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா